பழைய உருவப்படத்துக்குப் பெயரிடும் முறை

சைவப் பாடசாலை ஆசிரியர்காள்!

பழைய உருவப்படமொன்றைக் கண்டால், "இவர் யார்?" என மாணாக்கர் வினவுவர். அவ்வினாவுக்கு விரைந்து விடைகூறி யான் ஒருகால் தவறினேன். அத்தவற்றையே ஈண்டுப் பாடமாக வைக்கின்றேன்.

கலஹாவில் யான் ஆசிரியத் தொழிலை மேற்கொண்ட தொடக்கத்தில், பாடசாலை அலுமாரியில் அட்டையில் ஒட்டிய பழம்படமொன்று அகப்பட்டது. தலைப்பாகையும் நீண்ட அங்கியும் கடுக்கனும் அணிந்த பெரியவர் ஒருவர் அதில் வீற்றிருந்தார். யான் இளமையில் மிஷன் பாடசாலையிற் பயின்றவன். அங்கே சுவரில் தொங்கியவை யாவும் புகழுடையோர் படங்களே. அப்பழக்கத்தால், இவரும் புகழுடையார் ஒருவரே எனத் துணிந்து, "சேர் முத்துக்குமாரசுவாமி" என அடியில் எழுதிச் சுவரில் மாட்டினேன். காண்டல், கருதல், உரை என நம் முன்னோர் வகுத்த அளவை மூன்றையும் மறந்தேன்.

காண்டல்: முகத்தை மட்டுமன்றி அட்டையின் பின்புறத்தையும் காணல் வேண்டும். பின்னொருநாள் படத்தைத் திருப்பியபொழுது, கொழும்புப் பிளாட்டே நிலையத்தின் பெயர் அங்கே அச்சிடப்பட்டிருந்தது.

கருதல்: அந்நிலையம் 1890 இல் தொடங்கியது. முத்துக்குமாரசுவாமி 1879 இலேயே காலமானார். ஆதலின் அது பழம்படமொன்றின் பிரதியாதல் வேண்டும். அன்றேல் வேறொருவர் படமாதல் வேண்டும். அடியில் எழுதிய குறிப்பும் இவ்வாறே ஆராயத்தக்கது. அவர் 'சேர்' பட்டம் பெற்றது 1874 இல். ஆகவே அப்பட்டத்தோடு கூடிய குறிப்பு அவ்வாண்டிற்கு முற்பட்டதாகாது. படமோ முற்பட்டதாதலுங் கூடும். எழுத்தின் காலம் வேறு, படத்தின் காலம் வேறு என்றறிக.

உரை: விழாவொன்றுக்கு வந்த மூதாட்டியார் அப்படத்தின்முன் நின்று, "இவர் எங்கள் தாத்தா அல்லவா, வாத்தியாரையா? கங்காணியாக இருந்தவர்" என்றார். ஒருவர் உரை தனித்து நின்று போதாது. அவர் வீட்டிலிருந்த வேறொரு படத்திலும் அதே நெற்றித் தழும்பையும், அதே காதமைப்பையும் கண்ட பின்னரே பெயரை மாற்றினேன்.

தவறான பெயர் இருவருக்குத் தீங்கு செய்கின்றது. ஒருவருக்குத் தமதல்லாத முகத்தைக் கொடுக்கின்றது. மற்றவருக்கு எஞ்சிய முகத்தையும் பறிக்கின்றது.

கலஹாவுக்கு அண்மையிலுள்ள லூல்கந்துரையில் 1867 இல் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்ட ஜேம்ஸ் டெய்லரின் உருவம் பல நூல்களில் உளது. அவரோடு காடுவெட்டிய நம்மவர் முகங்களை எங்கே காண்போம்? இங்கிலாந்தில் தெனிசன், டார்வின் முதலியோரைப் படமெடுத்த ஜூலியா மார்கரெட் கமரன் அம்மையார், 1875 இல் இலங்கைக்கு வந்தபின் களுத்துறையில் எளிய மக்களையும் படமெடுத்தார். கவிஞர்க்கும் அறிஞர்க்கும் பெயர் நின்றது. இவர்க்கோ பெரும்பாலும் முகம் மட்டுமே நின்றது. நம் மாணாக்கர் வீட்டுப் படங்களுக்கும் அக்கதி நேராவண்ணம் காத்தல் நம் கடன்.

பயிற்சி: மாணாக்கர் ஒவ்வொருவரும் வீட்டிலுள்ள பழம்படமொன்றைத் தெரிந்தெடுத்து, அதன் இருபுறத்தையும் கைபேசியாற் பிரதி செய்க. முதியோர் இருவரைத் தனித்தனியே வினவுக. அறிந்த பெயரையும், கூறியவர் பெயரையும், கேட்ட நாளையும் ஒரு தாளில் எழுதிப் படத்தோடு வைக்க. பெயர் துணியப்படாவிடின், "பெயர் தெரியவில்லை" என்றே எழுதுக. அவ்வாறு எழுதி வைத்த இடத்தை நாளை ஒரு பேரன் நிரப்பக்கூடும். பொய்ப்பெயர் நிரம்பிய இடத்தில் அவன் எதனை எழுதுவான்?