காப்பீட்டுத் தரகர் யார் பக்கம்?

கோவிந்தாபுரம் சோதனைச் சாவடியைக் கடந்து செல்லும் சரக்கு வாகனங்கள், முதலமடைப் பகுதியின் மாந்தோப்புகள், சாலையோரக் கடைகள், கிடங்குகள் என இவ்வட்டாரத்து வாடிக்கையாளர்களின் உடைமைகள் பலவகைப்பட்டவை. அவற்றுக்குக் காப்பீடு எடுக்க வருவோர் முதலில் கேட்பது, ‘பிரீமியம் எவ்வளவு?’ என்பதே. அதற்கு முன்பே கேட்கத்தக்க வினா ஒன்று உண்டு: ‘இதைப் பரிந்துரைப்பவர் யாருக்காகப் பேசுகிறார்?’

முகவரும் தரகரும்

ஏஜெண்டு எனப்படும் முகவர், காப்பீட்டு நிறுவனத்தின் பிரதிநிதி. வங்கி போன்ற ஓர் அமைப்பே இப்பணியைச் செய்தால் அது ‘நிறுவன முகவர்’ எனப்படும். 2015ஆம் ஆண்டின் விதிமுறைகள், நிறுவன முகவர் ஒருவர் ஆயுள், பொது, உடல்நலம் ஆகிய பிரிவு ஒவ்வொன்றிலும் மூன்று காப்பீட்டு நிறுவனங்களுடன் மட்டுமே ஒப்பந்தம் செய்ய அனுமதித்தன. 2022ஆம் ஆண்டின் இறுதியில் அவ்வெண்ணிக்கை ஒன்பதாக உயர்த்தப்பட்டது.

புரோக்கர் எனப்படும் தரகரோ வாடிக்கையாளரின் பிரதிநிதி. அவருக்கான விதிமுறைகள் நம் நாட்டில் 2002இல் முதன்முதலாக வகுக்கப்பட்டு, 2018இல் புதுப்பிக்கப்பட்டன. சந்தையிலுள்ள நிறுவனங்களின் பாலிசிகளை ஒப்பிட்டு, வாடிக்கையாளரின் தேவைக்கு ஏற்றதைச் சொல்வதும், இழப்பீடு கோரும்போது துணைநிற்பதும் அவருடைய கடமைகள். தம் தவறான அறிவுரையால் நட்டம் நேர்ந்தால் ஈடுசெய்வதற்கென, தொழில்சார் பொறுப்புக் காப்பீட்டையும் அவர் எடுத்திருக்க வேண்டும்.

வேறுபாடு எங்கே தெரியும்?

ஒரு கிடங்கில் 20 லட்சம் ரூபாய்ச் சரக்கு இருப்பதாகக் கொள்வோம். பிரீமியத்தைக் குறைக்க எண்ணி, 10 லட்சத்துக்கு மட்டும் தீக்காப்பீடு எடுக்கிறார் உரிமையாளர். தீ விபத்தில் 4 லட்சம் ரூபாய்ச் சரக்கு அழிகிறது. காப்பீடு பாதி மதிப்புக்கே இருப்பதால், விகிதக் கணக்கின்படி இழப்பீடும் ஏறத்தாழ பாதியாக, 2 லட்சமாகக் குறைந்துவிடும். பாலிசி எடுக்கும் நாளிலேயே இதை எடுத்துரைப்பவர்தாம் நல்ல ஆலோசகர். விற்பனை இலக்கு ஒன்றே நோக்கமானால் இந்த எச்சரிக்கை எளிதில் விடுபட்டுப்போகும்.

ஒரே கூரையின் கீழ் இரண்டும் கூடுமா?

ஒரே குழுமத்தினர் தரகு நிறுவனம் ஒன்றையும் முகவர் நிறுவனம் ஒன்றையும் சேர்த்து நடத்தினால் என்ன ஆகும்? நடுநிலையான ஒப்பீட்டை நாடி வாடிக்கையாளர் தரகரிடம் வருவார். குழுமத்துக்கு அதிக வருவாய் தரும் நிறுவனத்தின் பாலிசியை நோக்கி அவரைத் திருப்பிவிட இடமுண்டாகும். தாம் கேட்டது ஆலோசனையா, விற்பனைப் பேச்சா என்பது அவருக்குத் தெரியாமலே போய்விடும்.

இந்திய ரிசர்வ் வங்கி இதற்கு அணை போட்டது. 2015 ஜனவரியில் அது வெளியிட்ட நெறிமுறைகளின்படி, ஒரு வங்கிக் குழுமத்தில் ஓர் அமைப்பு மட்டுமே காப்பீட்டு விநியோகத்தில் ஈடுபடலாம். அதுவும் தரகராக, அல்லது நிறுவன முகவராக. இரண்டு வேடங்களையும் ஏற்க இயலாது. காப்பீடு எடுப்பது வாடிக்கையாளரின் விருப்பத்தைப் பொறுத்ததே என்றும், வங்கியின் வேறெந்தச் சேவையுடனும் அதைப் பிணைக்கலாகாது என்றும் அந்நெறிமுறைகள் வலியுறுத்தின.

தரகர் என்ற பெயர் மட்டும் நடுநிலைக்கு உறுதியளித்துவிடாது. தரகருக்கும் கமிஷன் தருவது பெரும்பாலும் காப்பீட்டு நிறுவனமே. உலகின் மிகப்பெரிய தரகு நிறுவனங்களுள் ஒன்றான அமெரிக்காவின் மார்ஷ் மீது, 2004 அக்டோபரில் நியூயார்க் மாநிலத் தலைமை வழக்கறிஞர் எலியட் ஸ்பிட்சர் வழக்குத் தொடர்ந்தார். காப்பீட்டு நிறுவனங்களிடமிருந்து கூடுதல் கமிஷன் பெற்று, அவற்றுக்கே வாடிக்கையாளர்களைத் திருப்பிவிட்டது என்பதும், போலி விலைப்புள்ளிகளைத் தருவித்தது என்பதும் குற்றச்சாட்டுகள். 2005 ஜனவரியில், வாடிக்கையாளர்களுக்கு 85 கோடி டாலர் இழப்பீடு வழங்க அந்நிறுவனம் உடன்பட்டது.

வாடிக்கையாளர் கேட்க வேண்டியவை

1. நீங்கள் முகவரா, தரகரா? ஐ.ஆர்.டி.ஏ.ஐ. வழங்கிய பதிவுச் சான்றைக் காட்ட முடியுமா?

2. எத்தனை நிறுவனங்களின் பாலிசிகளை ஒப்பிட்டீர்கள்? இதைத் தேர்ந்ததற்குக் காரணம் என்ன?

3. இந்தப் பாலிசியை விற்பதால் உங்களுக்குக் கிடைக்கும் கமிஷன் எவ்வளவு?

4. உங்கள் குழுமத்துக்கும் இக்காப்பீட்டு நிறுவனத்துக்கும் பங்கு முதலீடோ வேறு தொடர்போ உண்டா?

5. இழப்பீடு கோரும் நாளில் எனக்காக யார் பேசுவார்?

வங்கிக் கிளையில் காப்பீடு எடுப்போரும் இவ்வினாக்களைத் தயங்காமல் கேட்கலாம். பெரும்பாலான வங்கிகள் நிறுவன முகவர்களே. ஆகவே அங்குக் காட்டப்படுவது ஒப்பந்த நிறுவனங்களின் பாலிசிகள் மட்டுமே. சந்தை முழுவதையும் ஒப்பிட விரும்புவோர் தரகரையும் அணுகலாம்.

ஆயுள் காப்பீட்டுப் பாலிசி கைக்குக் கிடைத்த பின் மனநிறைவு இல்லையெனில், 30 நாட்களுக்குள் அதைத் திருப்பித் தரலாம். குறைகளை ஐ.ஆர்.டி.ஏ.ஐ.யின் 155255 என்ற எண்ணில் தெரிவிக்கலாம். காப்பீட்டு நிறுவனத்தின் பதிலால் தீர்வு கிட்டாவிடில் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரை நாடலாம். 2021 முதல் தரகர்கள் மீதான முறையீடுகளும் அவரது வரம்புக்குள் வருகின்றன. நம் எல்லைப் பகுதியில், கேரளத்தில் வசிப்போருக்குக் கொச்சி அலுவலகமும், தமிழகத்தில் வசிப்போருக்குச் சென்னை அலுவலகமும் உரியவை.

பிரீமியத்தில் சில நூறு ரூபாய் மிச்சமாவது அன்றே கண்ணுக்குத் தெரியும். ஆலோசகர் யார் பக்கம் நின்றார் என்பதோ இழப்பு நேரும்போதுதான் தெரியவரும். அதனால் கையொப்பமிடும் முன்பே அதைக் கேட்டறிந்துகொள்வது நலம்.