தாழை ஒதுங்கினால் கடல் அழிகிறதா?

நம்பிக்கை: கடல் தாழை ஒரு வகைப் பாசி.

இல்லை. வேர், மண்ணுக்குள் ஓடும் தண்டு, பூ, விதை எல்லாம் உள்ள செடி அது. பூப்பதும் மகரந்தம் சேர்வதும்கூட நீருக்கடியில்தான்.

நம்பிக்கை: கரையில் தாழை குவிந்தால் கடலடியில் புல்வெளி அழிகிறது.

பாக் விரிகுடாக் கரையில் காற்றுக் காலத்தில் ஒதுங்குபவை பெரும்பாலும் பழுத்து உதிர்ந்த இலைகள். தண்டு மண்ணுக்குள் பத்திரமாக இருந்தால் மறுபடி தளிர்க்கும். வேரும் தண்டும் கொத்தாக ஒதுங்கினால்தான் கவலைப்பட வேண்டும். புயலோ இழுவைமடி வலையோ அடியைக் கிளறியிருக்கிறது என்று பொருள்.

நம்பிக்கை: ஆவுளியா (கடற்பசு) மேய்ந்தே தாழையைக் காலி செய்துவிடும்.

நாளொன்றுக்கு 30 கிலோவுக்கு மேல் தின்னும், வேரோடு பிடுங்கும், உண்மைதான். ஆனால் அது மேய்ந்த தடத்தைச் சிறு தாழைகள் சில மாதங்களில் மூடிவிடும். 2022இல் தமிழக அரசு தஞ்சை, புதுக்கோட்டை கரையோரம் 448 சதுர கிலோமீட்டரை ஆவுளியாவுக்கான காப்பகமாக அறிவித்தது. அங்கே அஞ்ச வேண்டியது கலங்கலுக்கு. மேற்பரப்பில் விழும் வெளிச்சத்தில் பத்தில் ஒரு பங்காவது கிடைக்காவிட்டால் பெரும்பாலான தாழை இனங்கள் மெல்லப் பட்டினியில் சாகும். மடி கிளப்பும் சேறு அதைத்தான் மறைக்கிறது. சாக்கடையும் உரமும் வந்து சேர்ந்தால் இலைமேல் பாசி படர்ந்து மிச்ச வெளிச்சத்தையும் தின்றுவிடும்.

நம்பிக்கை: சும்மா விட்டாலே திரும்ப முளைக்கும்.

தண்டு மிஞ்சியிருந்தால் முளைக்கலாம். அதுவும் இல்லையென்றால்? அமெரிக்காவின் வர்ஜீனியாவைப் பாருங்கள். 1930களில் வட அட்லாண்டிக் கரைகளில் பரவிய நோயும் 1933 புயலும் அங்குள்ள கடலோரக் காயல்களில் ஈல்கிராஸ் தாழையை அடியோடு துடைத்தன. அதன் விதை தாய்ச்செடியை விட்டு அதிக தூரம் போகாது. ஆகவே ஏறத்தாழ 70 ஆண்டுகள் வெறும் மண்தான். தாழையை நம்பி வாழ்ந்த ஸ்காலப் சிப்பிகளும் மறைந்தன. பிறகு ஆய்வாளர்கள் வேறிடத்தில் விதை சேகரித்து, ஆண்டுதோறும் தூவினார்கள். மொத்தம் 7 கோடிக்கும் மேல். 2020 வாக்கில் ஏறத்தாழ 3,600 ஹெக்டேரில் புல்வெளி நின்றது.

இதை வைத்து, நட்டால் போதும் என்ற புது நம்பிக்கை கிளம்பியிருக்கிறது. அந்தக் காயல்களில் நீர் ஏற்கெனவே தெளிவாக இருந்தது. பக்கத்துச் செசபீக் விரிகுடாவில் அதே ஈல்கிராஸை விதைத்தும் பெரும்பாலும் நிலைக்கவில்லை. கலங்கலும் கோடைச் சூடும் விடவில்லை. பாக் விரிகுடாவிலும் மூங்கில் சட்டத்தில் கயிறு கட்டித் தாழை நடுகிறார்கள். மடி இழுக்கும் இடத்தில் அப்படி நட்டால் சட்டமும் மிஞ்சாது.