மேக் வாங்கக் கடன் வாங்காதே

அன்புத் தங்கைக்கு,

ஐபோன் ஆப் செய்யக் கற்க மேக் வேண்டுமாமே, தவணையில் எடுத்துவிடலாமா என்று கேட்டிருந்தாய். இப்போது வேண்டாம். உன் விண்டோஸ் லேப்டாப்பை வைத்தே இன்னும் ஆறேழு மாதம் ஓட்டலாம்.

ஐபோன் திரையை அமைத்து, சிமுலேட்டரில் ஓட்டி, ஆப் ஸ்டோருக்கு அனுப்பும் எக்ஸ்கோட் மேக்கில் மட்டும்தான் ஓடும். அது இலவசம்தான், இயந்திரத்துக்குத்தான் காசு. ஸ்விஃப்ட் மொழிக்கு இந்தக் கட்டு இல்லை. 2014-இல் ஆப்பிள் அறிமுகப்படுத்திய அந்த மொழி 2015 டிசம்பரில் ஓப்பன் சோர்ஸாகி லினக்ஸுக்கும் வந்தது. 2020 முதல் விண்டோஸிலும் முறைப்படி கிடைக்கிறது.

ஆகவே முதலில் திரையே இல்லாத ஒரு ஆப் எழுது. உங்கள் தெருவில் நடக்கும் ஏலச்சீட்டையே எடுத்துக்கொள். 20 பேர், ஆளுக்கு மாதம் 5,000, சீட்டுத் தொகை ஒரு லட்சம். ஒருவர் 15,000 தள்ளி எடுக்கிறார். அதில் நடத்துபவர் கமிஷன் 5,000 போனால் மீதி 10,000. தலைக்கு 500 கழிந்து அந்த மாதம் 4,500 கட்டினால் போதும். எடுத்தவர் மறுபடி ஏலம் கேட்கக் கூடாது. யாருமே கேட்காத மாதமும் வரும். அப்போது குலுக்கிப் பெயர் எடுக்கும் வரை 'எடுத்தவர்' என்ற இடம் காலி. மதிப்பு இல்லாமலும் இருக்கலாம் என்று ஸ்விஃப்டில் குறிக்கும் 'ஆப்ஷனல்' எதற்கு என்று எந்தப் பாடப் புத்தகத்தையும்விட அந்தக் காலி இடம் நன்றாகச் சொல்லித்தரும். எல்லாவற்றையும் ஸ்விஃப்ட் பேக்கேஜாக எழுது. விதிக்கு ஒரு டெஸ்ட் கட்டாயம் வை. மேக் கிடைக்கும் நாளில் இதே பேக்கேஜை எக்ஸ்கோடில் சேர்த்து, மேலே திரையை மட்டும் கட்டினால் போதும். பட்டனுக்கு அழகாக நிழல் போடத் தெரிந்த பிள்ளைகள் நிறையப் பேர் இருக்கிறார்கள். பாக்கிக் கணக்கைப் பிசகாமல் எழுதுகிறவர்கள் அவ்வளவு இல்லை.

திரைக்கான ஸ்விஃப்ட்யுஐ விண்டோஸில் ஓடாது. அதைக் கற்க, ஸ்டான்ஃபோர்டில் பால் ஹெகார்ட்டி நடத்தும் வகுப்பின் காணொளிகள் இணையத்தில் இலவசமாக உள்ளன. நிறுத்தி நிறுத்திப் பார். செய்துபார்க்க கிட்ஹப் ஆக்ஷன்ஸ் இருக்கிறது. உன் நிரலைப் பொதுவில் வைத்தால், அவர்களுடைய மேக் இயந்திரத்திலேயே காசில்லாமல் பில்ட் செய்து தருவார்கள். ஒவ்வொரு சின்னத் திருத்தத்துக்கும் காத்திருக்க வேண்டும், உண்மைதான். பொறுமை இல்லாதவர்களுக்கு ஆகாது. ஆனால் பிழைச் செய்தியை வரிவரியாக வாசிக்கும் பழக்கம் அதில் வந்துவிடும்.

வீட்டில் ஐபேட் இருந்தால் ஸ்விஃப்ட் பிளேகிரவுண்ட்ஸைப் போடு. 2021 இறுதியிலிருந்து அதிலேயே ஆப் செய்து ஸ்டோருக்கும் அனுப்பலாம். ஜாவாஸ்கிரிப்ட் தெரிந்தால் ரியாக்ட் நேட்டிவ், எக்ஸ்போ என்று வேறொரு வழியும் உண்டு.

மேக்கை இணையம் வழியாக வாடகைக்கும் தருகிறார்கள். அமேசானில் எடுத்தால் குறைந்தது 24 மணி நேரத்துக்கு எடுத்தாக வேண்டும். ஆப்பிளின் உரிம விதி அப்படி. அதனால் வேலையைச் சேர்த்துவைத்து, ஒரே மூச்சில் முடிக்கிற அளவு வந்த பிறகு எடு. ஸ்டோரில் ஆப் வெளியிட ஆப்பிள் வாங்கும் வருடக் கட்டணம் 99 டாலரையும், வெளியிடும் நேரம் வரும் வரை கட்டாதே. மேக் கையில் இருந்தால், இலவசக் கணக்கிலேயே உன் ஐபோனில் ஏற்றிப் பார்க்கலாம். ஏழு நாளில் காலாவதியாகும், திரும்ப ஏற்றிக்கொள்.

சாதாரண கணினியில் மேக் சிஸ்டத்தைப் போட்டுத் தருகிறேன் என்பவர்களிடம் போகாதே. உரிமப்படி அது தவறு. போதாததற்கு, இன்டெல் இயந்திரங்களுக்கு மேக்ஓஎஸ் 26-தான் கடைசி.

செகண்ட்ஹேண்ட் கடையில் மலிவாகக் கிடைக்கும் 2017 மேக்புக் ஏர் வேண்டவே வேண்டாம். அதில் எக்ஸ்கோட் 16 ஏறாது. 2025 ஏப்ரல் முதல் அதற்குக் கீழான பதிப்பில் செய்த ஆப்பை ஸ்டோர் வாங்குவதில்லை. வாங்கத்தான் வேண்டும் என்ற நிலை வரும்போது, 2020 இறுதியில் வந்த எம்1 மேக் மினியையோ அதற்குப் பிந்தையதையோ பார். வீட்டு டிவியே திரையாகிவிடும்; கீபோர்டும் மவுஸும் எதுவானாலும் சரி. பழையதாக வாங்கினால், விற்பவரின் ஆப்பிள் கணக்கை அவர் எதிரிலேயே நீக்கச் சொல்லி, உன் கணக்கில் நுழைந்து பார்த்த பிறகு பணத்தைக் கொடு.

அன்புடன்,
அண்ணன்