புற்றுநோய்க் கலங்களும் போசணையும்

கலம், நொதியம், சுவாசம் ஆகியவற்றைத் தனித்தனிப் பாடங்களாகப் படித்து முடித்த மாணவர்கள், அவற்றை ஒன்றுசேர்த்துப் பார்க்க இப்பகுதி உதவும். பரீட்சையில் இவ்விடயம் நேரடி வினாவாக வருவது குறைவு. ஆயினும் இதை விளங்கிக்கொண்ட மாணவர், அம்மூன்று பாடங்களிலும் "காரணம் தருக" என வரும் வினாக்களைக் கண்டு தடுமாறமாட்டார்.

நமது உடற்கலங்கள் தேவையான அளவுக்கே பிரிவடைகின்றன. பரம்பரையலகுகளில் ஏற்படும் விகாரங்களால் இக்கட்டுப்பாட்டை இழந்து, ஓயாது பிரிவடையும் கலமே புற்றுநோய்க் கலமாகும். ஒரு கலம் இரண்டாக வேண்டுமாயின் அதன் புரதம், டி.என்.ஏ, மென்சவ்வு யாவும் இரு மடங்காக வேண்டும். அதற்கு மூலப்பொருள் தேவை. வீடு கட்டுபவருக்குக் கல்லும் சீமெந்தும் வேண்டியதுபோல, இக்கலத்துக்குக் குளுக்கோசு, அமினோ அமிலம், விற்றமின் என்பன இடையறாது வேண்டும். அதன் பலமும் பலவீனமும் இவ்விடத்திலேயே உள்ளன.

முதலில் குளுக்கோசைப் பார்ப்போம். ஒட்சிசன் போதாதபோது தசைக்கலங்கள் காற்றின்றிய சுவாசத்தால் இலக்ரிக் அமிலத்தை உருவாக்கும் என்பதை அறிவீர்கள். ஒட்சிசன் தாராளமாக இருக்கும்போதும் புற்றுநோய்க் கலங்கள் அதிக குளுக்கோசை எடுத்து இலக்ரிக் அமிலமாக்குவதை, ஜேர்மனிய விஞ்ஞானி ஒட்டோ வார்பேர்க் 1920களில் கண்டார். இவ்வழியில் ஒரு குளுக்கோசு மூலக்கூறிலிருந்து 2 ஏ.ரி.பி. மூலக்கூறுகளே கிடைக்கும், காற்றிற் சுவாசத்தில் ஏறத்தாழ 30 கிடைக்கும். இது வீண்செலவு போலத் தோன்றும். ஆனால் விரைந்து வளரும் கலத்துக்குச் சக்தி மட்டும் போதாது; குளுக்கோசின் காபன் அணுக்கள் புதிய பொருள்களைக் கட்டவும் வேண்டும். வார்பேர்க், இழைமணி பழுதடைவதே புற்றுநோயின் காரணம் எனக் கருதினார். பெரும்பாலான புற்றுநோய்க் கலங்களில் இழைமணி தொழிற்படுகிறது எனப் பின்னர் தெரியவந்தது.

"அப்படியானால் சீனியை நிறுத்தினால் புற்றுநோய் பட்டினியில் செத்துவிடாதா, சேர்?" வகுப்பில் தவறாது எழும் கேள்வி இது. சாகாது. நாம் உண்ணாவிட்டாலும் குருதியின் குளுக்கோசு மட்டத்தை ஈரல் பேணுகிறது. முதலில் சேமிப்பிலுள்ள கிளைக்கோசனை உடைக்கும். அது தீர்ந்ததும், தசைப் புரதத்தின் அமினோ அமிலங்களிலிருந்து குளுக்கோசை ஆக்கும். ஆகவே கட்டிக்கு உணவு கிடைத்தபடியே இருக்கும், மெலிவது நோயாளியே. மெலிந்த உடல் சிகிச்சையைத் தாங்குவதும் கடினம். பத்தியம் என்று சொல்லி நோயாளியின் சாப்பாட்டைக் குறைக்கும் வீடுகள் நம்மிடையே இன்றும் உள்ளன. இதைப் படிக்கும் மாணவர் தம் வீட்டில் ஒரு வார்த்தை சொன்னால், அது பரீட்சைப் புள்ளியிலும் பெரிது.

இனி முக்கியமான பகுதி. அமெரிக்காவில் ஜோன் கிட் என்பவர் 1953இல் ஒரு புதுமையான விடயத்தை வெளியிட்டார். நிணநீர்க் கலப் புற்றுநோயுள்ள சுண்டெலிகளுக்குக் கினிப்பன்றியின் குருதி நீர்ப்பாயத்தைச் செலுத்தியபோது கட்டிகள் சுருங்கின. குதிரையின் நீர்ப்பாயமோ முயலின் நீர்ப்பாயமோ அவ்வாறு செய்யவில்லை. காரணம் அப்போது விளங்கவில்லை. கினிப்பன்றியின் நீர்ப்பாயத்தில் அஸ்பரஜினேசு என்ற நொதியம் உண்டு என்பது 1922இலேயே அறியப்பட்டிருந்தது. அந்நொதியமே கட்டியைச் சுருக்கியது என்பதற்கு ஜோன் புரூம் 1961இல் சான்று காட்டினார்.

அஸ்பரஜின் என்பது புரதம் ஆக்கப் பயன்படும் 20 அமினோ அமிலங்களில் ஒன்று. உடலின் பெரும்பாலான கலங்கள் இதைத் தாமே தொகுத்துக்கொள்ளும். ஆனால் சிறுவர்களை அதிகம் தாக்கும் ஒருவகைக் குருதிப் புற்றுநோயில், அந்தப் புற்றுநோய்க் கலங்களால் இதைப் போதியளவு தொகுக்க முடிவதில்லை. குருதியில் வருவதையே நம்பியுள்ளன. அஸ்பரஜினேசு குருதியிலுள்ள அஸ்பரஜினை அஸ்பாட்டிக் அமிலமாகவும் அமோனியாவாகவும் பிரித்துவிடுகிறது. புரதம் ஆக்க முடியாத புற்றுநோய்க் கலம் இறக்கிறது. அயலிலுள்ள நற்கலமோ தனக்குரியதைத் தானே ஆக்கிப் பிழைக்கிறது. நொதியம் தனக்குரிய கீழ்ப்படையில் மட்டுமே தொழிற்படும் என்று படித்தீர்களே, அந்த இயல்பே இங்கு மருந்தாகிறது.

ஈ. கோலை பற்றீரியாவிலிருந்தும் இந்நொதியத்தைப் பெறலாம் என 1964இல் கண்டறிந்தபின், கினிப்பன்றியை நம்பியிருக்க வேண்டிய நிலை நீங்கியது. இன்று ஏனைய மருந்துகளுடன் சேர்த்தே இதைக் கொடுக்கிறார்கள். தனியே கொடுத்தால் சில புற்றுநோய்க் கலங்கள் அஸ்பரஜினைத் தாமே தொகுக்கத் தொடங்கித் தப்பிவிடும். பற்றீரியாப் புரதம் ஆதலால் ஒவ்வாமையும் ஏற்படலாம்; சதையி வீங்கலாம். எனினும் இத்தகைய கூட்டுச் சிகிச்சையால், வசதிமிக்க நாடுகளில் இந்நோயுற்ற சிறுவர்களில் 100க்கு ஏறத்தாழ 90 பேர் இன்று உயிர் பிழைக்கின்றனர்.

விற்றமினுக்கும் இதே கதைதான். டி.என்.ஏ தொகுப்புக்குப் போலிக்கமிலம் வேண்டும். அதைப் போன்ற வடிவமுடைய, ஆனால் அதன் வேலையைச் செய்யாத அமினோப்தெரின் என்ற போலிப் பொருளைப் பொஸ்டன் நகர வைத்தியர் சிட்னி பாபர், குருதிப் புற்றுநோயுற்ற 16 சிறுவர்களுக்குக் கொடுத்தார். 10 பேர் தற்காலிகமாகத் தேறினர் என 1948இல் அறிவித்தார். அம்மருந்தை ஆக்கிய குழுவை வழிநடத்தியவர், சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற யெல்லப்பிரகட சுப்பாராவ்.

மாதிரி வினா: உணவில் அஸ்பரஜினைத் தவிர்ப்பதால் மட்டும் மேற்கூறிய குருதிப் புற்றுநோயைக் குணப்படுத்த முடியாது. காரணம் தருக. (4 புள்ளிகள்)

"அது எல்லா உணவிலும் உண்டு" என்று மட்டும் எழுதி நிறுத்துவோர் பலர். அதற்கு முழுப்புள்ளி கிடையாது. பின்வருமாறு எழுதுக: அஸ்பரஜின் உடலிலேயே தொகுக்கப்படுகிறது. உணவில் அதை நீக்கினாலும் நற்கலங்கள் தொகுக்கும் அஸ்பரஜின் குருதியை அடையும். புற்றுநோய்க் கலங்கள் அதைப் பெற்றுத் தொடர்ந்து புரதம் ஆக்கும். எனவே குருதியில் உள்ள அஸ்பரஜினையே நொதியத்தால் சிதைக்க வேண்டும்.