வெயிலால் கன்றிய தோல்

கடும் வெயிலில் வேலை செய்தவனுடைய முகம் சிவந்து கறுத்தால் 'கன்றிப் போயிற்று' என்கிறோம். கொடியிலுள்ள திராட்சைக்கும் அச்சொல்லே பொருந்தும். காலத்துக்கு முன் பழுக்கும் வெம்பல் வேறு, கன்றல் வேறு.

மனிதத் தோலைக் கன்றச் செய்வன வெயிலிலுள்ள புற ஊதாக் கதிர்கள். அத்தோல் உரிந்து புதுத்தோல் உண்டாகும். திராட்சையையோ உஷ்ணமும் ஒளியும் சேர்ந்து வாட்டுகின்றன. இலை நீரை ஆவியாக்கித் தன்னைக் குளிர்வித்துக்கொள்ளும். பழத்துக்கு அச்சக்தி மிகக் குறைவு. ஆகையால் வெயில் நேரே படும் பழம், சுற்றியுள்ள காற்றைவிட அதிகமாகச் சூடேறிப் பழுப்பு நிறங்கொண்டு சுருங்கும், பின்னர் தேறுவதில்லை. குலையின் விலையும் இறங்கிவிடும்.

2023-ஆம் ஆண்டு புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர் திராட்சை பந்தலில் படர்வது. பந்தலின் இலைப்பரப்பே குலைக்குக் குடை. எனவே மிராசுதார்கள் கவனிக்க வேண்டியவை:

1. காய் பருத்தபின் குலையைச் சுற்றியுள்ள இலைகளைத் திடீரெனக் களையலாகாது. பிஞ்சிலேயே வெயிலுக்குப் பழகிய காய் ஓரளவு தாங்கும். நிழலில் வளர்ந்தது தாங்காது.

2. பிற்பகல் வெயில் சாய்ந்து விழும் மேற்கு ஓரத்தில் இலைகளை அடர்த்தியாக விடுக.

3. பந்தலில் இடைவெளி தோன்றினால் அருகிலுள்ள கிளைகளை இழுத்துக் கட்டி மூடுக.

4. கோடையில் மண் காயுமுன் நீர் பாய்ச்சுக. வாடிய கொடியில் கன்றல் மிகும்.

உச்சிவேளையில் கூலியாட்களுக்கு ஓய்வளித்தலும் அவசியம். பழத்துக்கு வேண்டிய நிழல் அதனைப் பறிப்பவருக்கும் வேண்டுவதே. கிராம அதிகாரிகள் இவற்றைக் குடியானவர்களுக்கு எடுத்துரைப்பாராக.