வினாக்கொத்தோடு நாவலடிக்குப் போகுமுன்

அன்புள்ள மகள்,

உன் முதுமாணி ஆய்வு முன்மொழிவை வாசித்தேன். மனவடு பற்றிய வெளிநாட்டு வினாக்கொத்தைத் தமிழாக்கி, 2004 சுனாமியில் தப்பிய இருநூறு பேரிடம் மட்டக்களப்பின் நாவலடியிலும் திராய்மடுவிலும் நிரப்பி எடுக்கப்போகிறாய். தமிழில் குறையில்லை. என் கவலை வேறு.

ஏழாவது கேள்வியைப் பார். ‘சம்பவத்தை நினைவூட்டும் இடங்களைத் தவிர்க்கிறீர்களா?’ நாவலடிக்கு ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி, நடுவில் மணல்திட்டு. அங்கே திரும்பிக் குடியிருக்கும் மீனவர் எதைத் தவிர்ப்பார்? ‘இல்லை’ என்பார், நீ பூச்சியம் போடுவாய். 2004க்குப் பிறகு திராய்மடுவில் வீடு கொடுத்துக் குடியேற்றப்பட்டவருக்கோ வாசலில் கடல் இல்லை. ‘ஓம், அந்தப் பக்கம் போறதில்ல’ என்று அவர் சொன்னால் அது பயமா, பஸ் காசா? கணினி இதையெல்லாம் கேட்காது. கூட்டிச் சராசரி தந்துவிடும். ஓரிடத்தில் பிறந்த நோய்ப்பெயரை எங்கும் தேடினால் எங்கும் கிடைக்கும் என்று மருத்துவ மானுடவியலாளர் ஆர்தர் கிளைன்மன் 1977லேயே எச்சரித்தார்.

நம் நாட்டு உளவியலாளர் காயத்திரி பெர்னாண்டோ முதலில் ஆட்களைக் கதைக்கவிட்டார். அவர்கள் உறவு அறுந்ததைச் சொன்னார்கள், உடம்பு வலியைச் சொன்னார்கள். அதிலிருந்து இலங்கைக்கென ஒரு உளசமூக அளவுகோலை உருவாக்கி 2008இல் வெளியிட்டார். கட்டாயம் படி. மானுடவியலாளர் பற்றீசியா லோறன்ஸ் 1990களில் மட்டக்களப்பு அம்மன் கோயில்களில் இருந்து, போரில் காணாமல்போனவர்களைத் தேடித் தெய்வவாக்குக் கேட்க வந்த குடும்பங்களைப் பற்றி எழுதினார். புள்ளிவிபரத்தை நம்பி நின்ற வேலையல்ல அது. ஆனாலும் முறையியல் உண்டு. உங்கள் வகுப்பில் இப்படியான முறையியலுக்கு ஒரு மணித்தியாலமாவது ஒதுக்கினார்களா தெரியாது.

நீயும் முதலில் பத்துப் பதினைந்து பேரோடு இருந்து கதை. ஒவ்வொரு கேள்வியையும் வாசித்து, ‘இதில் என்ன விளங்குது?’ என்று கேள். விடையை விட அதுதான் உனக்கு வேண்டும். கிராம சேவகரைக் கூட்டிப் போகாதே. நிவாரணப் பட்டியல் என்று நினைத்துவிட்டால் எல்லாக் கேள்விக்கும் ‘ஓம்’தான்.

மேற்பார்வையாளர் இருநூறுதான் வேண்டும் என்று நின்றால், முதற்கட்டத்தைத் தனி அத்தியாயமாக எழுதிக் காட்டு. நிரப்ப மறுத்தவர்களுக்கு ஒரு கொப்பி வை. பெயர் வேண்டாம், ஊரும், தாமாகச் சொன்னால் காரணமும் போதும். அந்தப் பக்கங்களும் ஆய்வேட்டில் வரவேண்டும்.

அன்புடன்,
சித்தப்பா