நியான் டெட்ரா வளர்ப்பு: புதியவர்களுக்கான முழுமையான வழிகாட்டி

சென்னை கொளத்தூர் வண்ணமீன் கடைகளில் நியான் டெட்ராவைப் பார்த்துவிட்டு வெறுங்கையோடு திரும்புவது கஷ்டம். தொட்டியையும் மீனையும் ஒரே நாளில் வாங்குகிறார்கள். ஒரே வாரத்தில் மீன் செத்து மிதக்கிறது. கடைக்காரரைத் திட்டிப் பயனில்லை. பெரும்பாலும் கோளாறு புதுத் தண்ணீரில்தான்.

படி 1: தொட்டி

இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம். சுமார் 50 லிட்டர் பிடிக்கும். கூட்டமாக நீந்தும் மீனுக்கு நீளம்தான் முக்கியம். உருண்டைக் கிண்ணம் வேண்டவே வேண்டாம். ஏர் பம்ப், ஸ்பாஞ்ச் ஃபில்டர், கொஞ்சம் செடி போதும்.

படி 2: தண்ணீரைப் பழக்குதல்

அவசரக்காரர்கள் தாண்டிக் குதிக்கும் படி இது. மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியா நஞ்சு. ஒருவகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாக மாற்றும், அதுவும் நஞ்சே. இன்னொரு வகை அதை அவ்வளவு ஆபத்தில்லாத நைட்ரேட்டாக்கும். இவை ஸ்பாஞ்சில் குடியேற 4 முதல் 6 வாரம் ஆகும். குழாய்த் தண்ணீரில் ஆன்டி குளோரின் சொட்டுவிட்டு, ஃபில்டரை ஓடவிட்டு, தினம் ஒரு சிட்டிகை தீவனம் போடுங்கள். கரண்ட் மிச்சம் என்று ராத்திரியில் ஃபில்டரை அணைக்காதீர்கள். டெஸ்ட் கிட்டில் அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் பூஜ்யமான பிறகே மீன்.

படி 3: மீன்

பத்து வாங்குங்கள். ஆறுக்குக் கீழே போனால் மிரண்டு செடி மறைவில் ஒடுங்கிவிடும். கடைத் தொட்டியில் ஒரு மீனுக்காவது முதுகு வளைந்தோ உடம்பில் வெள்ளைத் திட்டோ இருந்தால் அதிலிருந்து எதுவும் எடுக்காதீர்கள். கூடவே ஏஞ்சல் வேண்டாம். வளர்ந்த ஏஞ்சலுக்கு நியான் இரை.

பையைத் தொட்டியில் 15 நிமிடம் மிதக்கவிட்டு, தொட்டி நீரைச் சிறிது சிறிதாக உள்ளே ஊற்றி, வலையில் மீனை மட்டும் அள்ளி விடுங்கள்.

படி 4: அன்றாடம்

தினம் இருவேளை, இரண்டு நிமிடத்தில் தின்று தீர்க்கும் அளவு தீவனம். வாரம் கால் பங்கு தண்ணீர் மாற்றம். ஸ்பாஞ்சைக் குழாயடியில் கழுவினால் பாக்டீரியா போய்விடும். வெளியே எடுத்த தொட்டி நீரிலேயே பிழியுங்கள்.

காலையில் விளக்கு போட்டதும் மீன் வெளிறிக் கிடக்கும். பதற வேண்டாம். இருட்டில் நிறம் மங்குவது அதன் இயல்பு. சற்று நேரத்தில் நீலக்கோடு பளிச்சிடும்.

போர் தண்ணீர் வீடுகளுக்கு

நியான், அமேசான் படுகையின் மென்னீர் மீன். 22 முதல் 26 டிகிரி வெப்பம் அதற்கு ஏற்றது. கடின நீர் மட்டுமே வரும் வீட்டில் அதோடு மல்லுக்கட்டாமல் ஜீப்ரா டேனியோ வாங்குங்கள். இந்திய ஆறுகளில் இயல்பாக வாழும் மீன். அதிகம் தாங்கும், விலையும் குறைவு. தொட்டிக்கு மூடி மட்டும் அவசியம், துள்ளி வெளியே விழும்.